கடைசியாகத் திறந்தவள்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆபீசில் சில வருடங்கள் புரோகிராமர் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. தினமும் காலையில் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். ஊர் வருவதற்கு முன்பே தோல் வாடை ஜன்னல் வழியாக ஏறிக்கொள்ளும். முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டேன், அப்புறம் பழகிவிட்டது. பழகாமல் போன ஒரு விஷயம் உண்டு. இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கண்ணாடித் தடுப்புக்குள் ஏ.சி. போட்டு ஒரு யூனிக்ஸ் மெஷினை வைத்திருந்தார்கள். மனிதர்களுக்கு மின்விசிறி, அதற்கு மட்டும் ஏ.சி. அதிலிருந்து கேபிள் இழுத்து ஹால் முழுக்க டெர்மினல்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தோல் வந்து இறங்குவதிலிருந்து பெட்டி கட்டி லாரி ஏறுவது வரை எல்லாக் கணக்கும் ஒரே புரோகிராமில் நடந்தது. முழுக்க சி மொழியில் எழுதப்பட்டது. எழுதியது நான் இல்லை, எனக்கு முன்னால் அங்கே இருந்தவன். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று பயந்து ஆள் பிடித்த காலத்தில் அவன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டான். போகிறவன் எது எதற்கு என்று ஒரு வரி விளக்கம் எழுதி வைத்தானா என்றால் கிடையாது. அவன் புரோகிராமைப் படிப்பது, அடுத்தவர் வீட்டு அடுப்படியில் இருட்டில் உப்பு டப்பா தேடுவது மாதிரி.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே எல்லா ஆபரேட்டர்களையும் கூட்டி வைத்து ஒன்று சொன்னேன். இடத்தை விட்டு எழுந்தால் புரோகிராமை மூடிவிட்டு எழுந்திருங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆண்கள் ஒருவர் கூடக் கேட்கவில்லை. காலையில் வந்ததும் திறந்து போட்டால் சாயங்காலம் நான் வந்து கத்தும்வரை திறந்தேதான் கிடக்கும். டீ குடிக்கப் போனாலும் சரி, பேரணாம்பட்டுக்குத் தோல் பார்க்கப் போனாலும் சரி. நான் சொன்னபடி செய்தவள் அளவு செக்‌ஷன் பெண் ஒருத்திதான்.

ஆபீசில் என்னைத் தவிர இருந்த ஒரே பெண் அவள். உள்ளூர் முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பாலிஷ் முடிந்த தோல்கள் அளவு மெஷினுக்குள் போய் வரும், ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடி என்று அவள் டைப் அடிப்பாள். அவள் அடித்து முடித்துப் பட்டியல் பிரிண்ட் ஆனால்தான் பெட்டி கட்டுவார்கள், பட்டியலோடுதான் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பும். ஷெட்டிலிருந்து தோல் வந்து சேரவே பதினோரு மணி ஆகிவிடும் என்பதால் எல்லோருக்கும் கடைசியாகப் புரோகிராமைத் திறப்பவள் அவள்தான். ஒரு லாட்டுத் தோல் அளந்து முடிந்ததும் மூடிவிட்டு எழுந்து ஷெட்டுக்குப் போவாள். அடுத்த லாட்டு வந்ததும் மறுபடி திறப்பாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூட மூடிவிட்டுத்தான் போவாள்.

ஆபீசில் என்னை மேடம் என்பாள், சாப்பிடும்போது அக்கா. மற்ற நாட்களில் அவரவர் இடத்திலேயே அவசரமாகச் சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை மட்டும் மதியம் ஜும்மா தொழுகைக்காக வேலை நிற்கும், இடைவேளை நீளம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் முன்னாலேயே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்பக்கம் பெண்கள் பகுதிக்குப் போய்விடுவோம். அவள் வீட்டிலிருந்து குஸ்காவும் தால்ச்சாவும் வரும். என் வீட்டுச் சாம்பார் சாதத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். எதற்கென்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் வீட்டுக் கதையைச் சொன்னாள். அவள் வீட்டில் வெளி வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தானாம். அப்பா இல்லை. அண்ணன் பஜாரில் ஷூ கம்பெனிகளுக்குப் பசையும் அட்டையும் விற்கும் கடை வைத்திருந்தான். அவனைச் சம்மதிக்க வைக்க ஒரு வருஷம் அழுதிருக்கிறாள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டு அனுப்பினானாம்.

“ஆபீஸ்லேர்ந்து உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்தாலும் அன்னியோட நின்னுடணும்னு சொல்லிட்டாருக்கா.”

“இன்னா பேச்சு?”

“எதுன்னாலும்தான். நல்லதா கெட்டதான்னுலாம் கேக்க மாட்டாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். என் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. வேலூரில் வாத்தியார், சர்ச் கமிட்டியில் வேறு இருந்தார். விளக்கு வைப்பதற்குள் நான் வீடு திரும்பாவிட்டால் தெருமுனையில் வந்து நிற்பார். எனக்கு அப்பா, அவளுக்கு அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் அப்பா திட்டுவதோடு விட்டுவிடுவார். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த எரர் வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். பதினோரு மணிக்கு மேல் அவள் வந்து புரோகிராமைத் திறப்பாள். திறக்காது. பொது நினைவகம் ஒதுக்க முடியவில்லை, இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வரும். பக்கத்து டெர்மினல்கள் எல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். இடமில்லை என்றதும் டிஸ்க்கில்தான் இடமில்லை என்று நினைத்துப் பார்த்தேன். பாதி டிஸ்க் காலியாகக் கிடந்தது. அதற்குமேல் பார்க்க என்னை விட்டால்தானே. வெளியே லாரி நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பான். மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு, “ஆப் பண்ணி ஆன் பண்ணும்மா மொதல்ல” என்பார். மெஷினை நிறுத்திப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். அது எதனால் வந்தது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துவிடும். அப்புறம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஒன்றும் வராது. மறுபடி ஒரு நாள் வரும். வந்தால் அவளுக்குத்தான் வரும்.

மேனேஜர் முதலாளிக்குச் சொந்தக்காரர், வயதானவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மா ஆபரேஷன் செய்துகொண்டபோது ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனவர். ஆனால் இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் ஆபீசில் பேச்சு கிளம்பியது. அவள் கைராசி அப்படி என்றார்கள். “அந்தப் பொண்ணு தொட்டா மெஷின் படுத்துக்குது” என்று டெஸ்பாட்ச் ஆள் சொல்லிச் சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “மேடம், நான் ஏதாச்சும் தப்பா அழுத்தறேனா?” என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து சென்னை இன்ஜினியர் ஒருவன் வந்தான். அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தான். எரர் வந்திருந்த நேரம் அது. அவளை எழுப்பி, ஆள் இல்லாமல் சும்மா கிடந்த பக்கத்து டெர்மினலில் உட்காரச் சொன்னான். அங்கேயும் அதே எரர். கேபிளை மாற்றினான், மறுபடி அதே எரர். அப்புறம் மெஷினை நிறுத்திப் போட்டுவிட்டு அவள் இடத்தில் டெஸ்பாட்ச் ஆளை உட்கார வைத்தான். ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? நிறுத்திப் போட்டால் யார் உட்கார்ந்தாலும் ஓடும். அதை நான் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. “ஹார்ட்வேர் பக்கா சார். யூசர் ப்ராப்ளம்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு டை ஆடச் சாப்பிடப் போனான். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த முறை எரர் வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கென்று பார்த்து யூ.பி.எஸ். பேட்டரியும் மக்கர் பண்ணியது. மெஷினை நிறுத்திப் போட்டு அது எழுந்து வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. லாரி போய்ச் சேர்ந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. மறுநாள் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் அண்ணனை மேனேஜர் பார்த்திருக்கிறார். மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார். “உன் தங்கச்சி தங்கமான பொண்ணுதான். ஆனா அது உக்காந்தா மெஷின் நின்னு போவுது. நேத்து கப்பலே போய்டுச்சு. பெரிய பேஜாரா இருக்குதுப்பா” என்றாராம். புகாராகச் சொல்லவில்லை, புலம்பலாகத்தான் சொன்னேன் என்று பிற்பாடு என்னிடம் அவரே சொன்னார்.

சனிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் சாவியும் அடையாள அட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்தன. கொண்டுவந்தது பசைக்கடை ஆள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. யாரும் அவளை நீக்கவில்லை என்பதால் யாருக்கும் அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

அவள் இடத்துக்குக் குடியாத்தத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். பழைய ஆபீசில் பழகிய பழக்கமோ என்னவோ, அவனும் ஒவ்வொரு லாட்டுக்கும் திறந்து மூடினான். ஒரு மாதம் போனதும் அவனுக்கும் அதே எரர் வந்தது. நான் மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்தார். “பழசாயிடுச்சும்மா, மாத்தணும்” என்றார். கைராசி பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடிக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டேன். நிறுத்த விடமாட்டேன், லாரி காத்திருக்கட்டும், பட்டியலைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள் என்று உள்ளிருந்தே கத்தினேன். அந்த ஆபீசில் நான் குரல் உயர்த்தியது அன்றுதான்.

நினைவகத்தில் யார் யார் இடம் பிடித்திருக்கிறார்கள் என்று காட்ட யூனிக்ஸில் ஒரு கட்டளை உண்டு. அடித்தேன். திரை நிரம்பி வழிந்தது. ஆபீசில் இருக்கும் டெர்மினல்களை ஒரு கையால் எண்ணிவிட்டு அடுத்த கைக்குப் போனால் முடிந்துவிடும். அங்கே இருந்ததோ மூன்று திரைக்கு நீளும் வரிசை. பெரும்பாலான இடங்களை எந்தப் புரோகிராமும் பயன்படுத்தவில்லை என்று காட்டியது.

நம்மூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படித்தான் அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. திறக்கும்போது ஒவ்வொருவருக்கும் மெஷினில் ஒரு துண்டு போடும். டைப் அடிக்கும் வேலையும் பிரிண்ட் எடுக்கும் வேலையும் அந்த இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். முறையாக மூடினால் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கும். நடுவில் புரோகிராம் அடிபட்டுச் செத்தால் துண்டு அங்கேயே கிடக்கும், மெஷின் அதை மதித்து வேறு யாரையும் உட்கார விடாது. துண்டுகள் இத்தனைதான் என்று ஒரு வரம்பும் உண்டு. நிரம்பிவிட்டால் காலையில் முந்தி வந்தவர்களுக்கு இடம் கிடைக்கும், கடைசியாக வருபவருக்குக் கிடைக்காது.

அவளுக்கு ஏன் வந்தது என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவள் கடைசியாகத் திறந்தாள், அதுதான் குற்றம். போதாததற்கு நாள் முழுக்க இறங்கி இறங்கி ஏறினாள். புரியாதது வேறு ஒன்று. இத்தனை புரோகிராம்கள் எப்போது, எப்படிச் செத்தன? மின்வெட்டு என்றால் யூ.பி.எஸ். தாங்கும். சாயங்காலம் எல்லாவற்றையும் மூட வைப்பது நான். மண்டை காய்ந்தது. வேலூரில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தேடினேன். துண்டுகளை எப்படி அப்புறப்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க உலகம் முழுக்க ஆள் இருந்தது. எங்கள் ஆபீசில் அவற்றை விட்டுவிட்டுப் போவது யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் சாப்பிடப் போகவில்லை. அவள் போனதிலிருந்தே பின்பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்தாலும் சாப்பிடப் பிடிக்கவில்லை, டிபன் பாக்ஸைத் திறக்காமல் வீட்டுக்கே கொண்டுபோன நாட்களும் உண்டு. கண்ணாடித் தடுப்புக்குள் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஹாலில் இருந்த ஆண்கள் கைகால் கழுவி, தொப்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டெர்மினல்கள் எல்லாம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. கடைசியாக மேனேஜர் எழுந்தார். நாற்காலிகளை மேசைக்குள் தள்ளிவிட்டார். வாசலுக்கு வந்து, சுவரில் இருந்த சுவிட்ச் போர்டில் கைவைத்து, பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தார்.

விசிறிகள் நின்றன. யூ.பி.எஸ். லைனும் அந்த சுவிட்ச் வழியாகத்தான் ஹாலுக்குப் போயிருக்கிறது, அத்தனை திரைகளும் ஒன்றாகக் கறுத்தன. நான் உட்கார்ந்திருந்த அறையில் மட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதன் லைன் தனி.

வெளியே ஓடி வந்து, “சார், இது எதுக்கு?” என்றேன். நான் உள்ளே இருப்பதை எதிர்பார்க்காதவர் திடுக்கிட்டுப் போனார்.

“எப்பவும் பண்றதுதாம்மா. தின்னர், தோலுக்கு அடிக்கற லாக்கர்னு பத்திக்கற சரக்கெல்லாம் பக்கத்து ரூம்லயே கீது. ஜும்மா நேரத்துல ஒரு ஆள் இருக்க மாட்டான். போன வருசம் பக்கத்து ஷெட்டு இப்டிதான் பத்திக்கிச்சு. அதுலேர்ந்து நானே நிறுத்திட்டுதான் போவேன். வந்து போட்டுக்கறது.”

எல்லா வாரமும் இப்படித்தான் நடந்திருக்கிறது. கரண்ட் போனதும் டெர்மினல் சாகும், டெர்மினல் செத்ததும் அதில் மூடாமல் விட்டுப்போன புரோகிராம் சாகும், துண்டு அப்படியே கிடக்கும். வெள்ளிக்கிழமைகள் சேரச் சேர மெஷின் நிரம்பும். துண்டை விட்டுவைக்காமல் எழுந்து போனவள் ஒருத்திதான், அவள் அந்த நேரத்தில் பின்பக்கம் என்னோடு சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருந்திருந்தால் அன்றைக்கும் நான் அங்கேதான் இருந்திருப்பேன், இதைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தால் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

தொழுகை முடிந்து வந்த மேனேஜரிடம் ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஒரு டெர்மினலை அணைத்துக் காட்டினேன். அது செத்த பிறகும் துண்டு மெஷினில் கிடப்பதைப் பார்த்தார்.

“அப்போ அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமே இல்லயா?”

“இல்ல சார். ஒழுங்கா இருந்தது அது ஒண்ணுதான்.”

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “யா அல்லா” என்றார். அன்றைக்கே பசைக்கடைக்கு நடந்து போய் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தார் என்று தெரியும், ஏனென்றால் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், “நீயும் ஒரு தரம் போய்ச் சொல்லும்மா. பொம்பள சொன்னா கேப்பானோ என்னவோ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதே புடவையோடு பஸ் ஏறினேன். பஜாருக்குப் பின்னால் குறுகலான சந்தில் வீடு. அண்ணன் மரியாதையான ஆள். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நான் சொன்னதை முழுதாகக் கேட்டான். அவன் தங்கை உள்ளறை வாசலில் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ரொம்ப சந்தோஷம் மேடம். அது தப்பு பண்ணாதுன்னு எனக்குத் தெரியும்” என்றான்.

“அப்போ நாளைக்கு அனுப்பிடுங்க. இடம் இருக்குது. நான் பேசிட்டேன்.”

“தப்பு பண்ணுச்சுன்னு நான் நிறுத்தல மேடம். பேச்சு வந்துச்சு, நிறுத்துனேன். பத்துப் பேரு செருப்பு போட்டுக்கற எடத்துல எங்க வீட்டுப் பொண்ணப் பத்திப் பேசுனாங்க. இப்ப வந்து அது தப்புன்னு சொல்றீங்க. அத பத்துப் பேருகிட்டயும் போய் சொல்ல முடியுமா?”

எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. கையில் டீ கிளாஸ் இருந்தது. கத்தியிருந்தால் அவள் பெயரில் இன்னொரு பேச்சு கிளம்பியிருக்கும், அதனால் குடித்து முடித்தேன்.

வாசல்வரை அவள் வந்தாள். இளைத்திருந்தாள். “இன்னாதான்க்கா ஆச்சு அந்த மெஷினுக்கு? எனக்கும் சொல்லுங்க” என்றாள். துண்டு கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“அப்ப நானும் காலைலயே தொறந்து போட்டு, மூடாமலே உக்காந்திருந்தா?”

“உனக்கு வந்திருக்காது. வேற எவனுக்காவது வந்திருக்கும்.”

“அவங்களுக்கு வந்தா கைராசின்னு சொல்லியிருக்க மாட்டாங்கல்ல.”

“மாட்டாங்க.” கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. “அடுத்த வேலைக்குப் போனீன்னா காலைலயே தொறந்து போட்டுடு. யாரு சொன்னாலும் மூடாதே, நானே வந்து சொன்னாலும் மூடாதே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

“அடுத்த வேலையாக்கா?” என்றாள்.

உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.